கலையாமல் இருந்தால் ஒரு முத்து

மஞ்சாடி முத்தை உள்ளங்கையில் வைத்தால் முதலில் குளிரும். கொஞ்ச நேரத்தில் கையின் சூட்டை வாங்கிக்கொண்டு, அங்கே ஒன்று இருக்கிறது என்பதே மறந்துபோகும். அப்படியொரு முத்தை நான் முதன்முதலில் வாங்கியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பாபநாசம் மலையடிவாரத்தில் இருந்த மின்நிலையக் குடியிருப்பில், பக்கத்து வீட்டு மதினியிடமிருந்து. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. எதற்காகக் கொடுத்தார் என்று சொன்னால் இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள். நான் ஒரு திருடியாக இருந்ததற்காக. அதுவும், பொய் சொல்லத் தெரியாத திருடியாக.

அந்தக் குடியிருப்பை நினைத்தால் ஈரம்தான் முதலில் வருகிறது. கொடியில் போட்ட துணி காயாது. ஜாடிக்குள் உப்பு கசிந்து கிடக்கும். தீப்பெட்டியை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் சன்னலைத் திறந்து வைத்தால் மேகம் உள்ளே வந்து, கட்டிலையும் அலமாரியையும் பார்த்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போகும். மலைக்குள் குழாய்களில் இறங்கும் தண்ணீர் எந்திரங்களைச் சுற்றுகிற முழக்கம் எந்நேரமும் இருக்கும். வந்த புதிதில் அது என்னைத் தூங்கவிடவில்லை. பிறகு அது நின்றால்தான் தூக்கம் கலைந்தது. மலை மறைத்ததால் தொலைக்காட்சியில் புள்ளிகளைத் தவிர ஒன்றும் தெரியாது. என் வீட்டுக்காரரோ பேசாத மனிதர். கோபக்காரர் இல்லை, அன்பில்லாதவரும் இல்லை. சொற்கள் அவருக்குள் எங்கேயோ ஆழத்தில் கிடந்தன, அவ்வளவுதான். சோறு போட்டால் சாப்பிடுவார். போதுமா என்றால் தலையசைப்பார். அந்த வீட்டில் என் குரலை நானே கேட்டுக்கொண்டு நாட்களைக் கழித்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் என் வீட்டுக்காரருக்கு மேலதிகாரி. நாங்கள் அவரை அண்ணன் என்று கூப்பிட்டதால் அவர் மனைவி எங்களுக்கு மதினியானார். மதினியின் அப்பா ஆப்பிரிக்காவில் செம்புச் சுரங்கங்கள் இருந்த ஓர் ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மதினி வளர்ந்ததும் படித்ததும் அங்கேதான். ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு திருநெல்வேலிக்குக் கூட்டிவந்து கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டில் கேட்டுக் கேட்டு வந்த நெல்லைப் பேச்சை அவர் சுத்தமாகப் பேசினார். ஆனால் சிரிப்பு மட்டும் எங்கள் ஊர்ச் சிரிப்பு இல்லை. வாயைப் பொத்தாமல், தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை முழுவதும் தெரியச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை முதல்நாள் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டபோதே அவரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அவர் கொண்டுவந்த பெட்டியில் ஒரு சிறிய துணிப்பை இருந்தது. அதற்குள் விதவிதமான பகடைகள். நான்கு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம் என்று, பனிக்கட்டிக்குள் வண்ணத்தைக் கரைத்த மாதிரி. விடுதிப் பள்ளியில் பல தேசத்துப் பிள்ளைகளோடு அவற்றை வைத்து ஆடிய விளையாட்டை எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். சொல்வதற்கு எளிமையானதுதான். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொருவராக இருப்பார்கள். என்ன செய்கிறோம் என்பதை அவரவர் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்ட வேண்டும். வெற்றி தோல்வி கிடையாது. முடிவும் கிடையாது. எங்களுக்கு அது முதலில் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலங்களில் அந்த மலையடிவாரத்தில் வேறு என்ன இருந்தது?

மதினி கட்டிய கதையில் ஓர் ஆறு ஓடியது. அது எங்கள் ஆறு இல்லை, ஆனால் அதன் தண்ணீருக்கு எங்கள் ஆற்றின் மணம் இருந்தது. அதன் கரையில் இருந்த ஊர்கள் யாரும் பார்க்காத நேரத்தில் இடம் மாறிக்கொண்டன. ஓர் ஊரில் எதிரொலிகளை விற்கும் சந்தை கூடியது. இன்னோர் ஊரில் கோயில் கோபுரம் அமாவாசைதோறும் இறங்கிவந்து குளித்துவிட்டுப் போனது. பத்தமடைப் பாயை விரித்து நாங்கள் நான்கு பேரும் சுற்றி உட்காருவோம். மதினி குரலைத் தாழ்த்தி, பைய, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். வெளியே சாரல் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் சாரல் எந்த ஊரில் அடிக்கிறது என்று தெரியாமல் போகும்.

அந்த ஊர்களில் நான் திருடி. அண்ணன் எப்போதும் பசித்திருக்கும் ஒரு சாமியார். என் வீட்டுக்காரர் யாராக இருப்பதென்று வெகுநேரம் யோசித்தார். எங்களுக்கெல்லாம் பொறுமை போன பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே, ஆற்றைக் கண்டால் பயப்படுகிற ஓடக்காரன் என்றார். மதினி தலையைச் சாய்த்துச் சிரித்த சிரிப்பில் கொடியில் இருந்த துணிகூட அசைந்திருக்கும்.

முத்து வந்தது அதற்குப் பிறகுதான். குடியிருப்பின் வாசலில் பெரிய மஞ்சாடி மரம் ஒன்று நின்றது. ஆனைக் குன்றிமணி என்றும் சொல்வார்கள். அதன் சிவப்பு விதைகள் மழைக்குக் கழுவப்பட்டுப் பாதையெல்லாம் மின்னும். மதினி ஒரு வெண்கலக் கிண்ணம் நிறைய அவற்றைப் பொறுக்கி வைத்திருந்தார். தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும், கதையில் தான் எடுத்துக்கொண்ட ஆள் என்ன செய்வானோ அதையே செய்கிறவருக்கு ஒரு முத்து. அதைக் கையில் வைத்திருந்தால், பின்னால் ஒருநாள் பகடை ஏமாற்றும்போது, முத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு தடவை உருட்டலாம். இதை மதினி கலையாமல் இருப்பது என்பார். எனக்கு முதல் முத்து கிடைத்த அன்று அரண்மனைக் காவலன் என்னிடம், எதற்கு வந்தாய் என்று கேட்டிருந்தான். பொய் சொல்லத் தெரியாதவள் என்ன செய்வாள்? திருட வந்தேன் என்று சொன்னேன். மூன்று வாரம் சிறையில் கிடந்தோம், எல்லோரும்.

என் வீட்டுக்காரருக்குத்தான் முத்துகள் அதிகம் சேர்ந்தன. ஒரு சனிக்கிழமை, கதையில், கரையில் ஓடம் இருந்தது. அக்கரையில் நாங்கள் தேடிய பொருள் இருந்தது. அவர் ஓடத்தில் ஏற மறுத்துவிட்டார். அண்ணன் அலுவலகத்தில் அதட்டுகிற மாதிரி அதட்டியும் பார்த்தார். ஓடக்காரன் கரையில் உட்கார்ந்து, தன் அப்பாவை அந்த ஆறு கொண்டுபோன கதையை எங்களுக்குச் சொன்னான். அப்படியொரு கதையை அவர் அங்கேயே, அந்த நிமிஷமே உண்டாக்கினார். அவர் தொடர்ந்து நாலு வாக்கியம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். வீட்டுக்குத் திரும்பிய பிறகு வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. ஆனால் சட்டைப் பையிலிருந்து முத்தை எடுத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். நான் படுத்துக்கொண்டு, இவருக்குள் இருக்கிற ஓடக்காரனை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் கதை வேறு. முத்துக்கு ஆசைப்பட்டுப் போனார். சாமியார் காரணமில்லாமல் அழுதார், காரணமில்லாமல் மயங்கி விழுந்தார், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பசிப்பாட்டுப் பாடினார். பாடி முடித்ததும் கண்ணை லேசாகத் திறந்து கிண்ணத்தைப் பார்ப்பார். மதினி கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

“நடிச்சா கிடையாது. இருந்தா உண்டு.”

இந்த வித்தியாசத்தை எனக்குப் புரியவைத்தது அந்த விளையாட்டு அல்ல. மதினியின் மாமியார் வந்து தங்கிய அந்த ஐப்பசி மாதம்தான்.

அவர் திருநெல்வேலி டவுனில் இருந்தார். நாங்களும் அவரை அத்தை என்றே கூப்பிட்டோம். ஒரு காலத்தில் ஆற்றோரம் நிறைய வயல் வைத்திருந்த குடும்பம். வயல் போய்விட்டது, வயலோடு இருந்த நிமிர்வு மட்டும் போகவில்லை. உயரமாக, வெளுப்பாக, நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக, ஒரு சொல்லுக்கு இரண்டு சொல் பேசாதவர். அவர் வரும் நாளில் மதினி பகடைப் பையையும் முத்துகளையும் அரிசி டின்னுக்குள் புதைத்துவிடுவார். சிரிப்பும் அதோடு உள்ளே போய்விடும். சேலை முந்தானை தோளைச் சுற்றி வரும். குரல் தணிந்து மெலியும். நடைகூட மாறும், பாதத்தை முழுவதும் தரையில் வைக்காத நடை. முதல்தடவை பார்த்தபோது எனக்குப் பயமாகவே இருந்தது. நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன், மதினி தலைகுனிந்து, “அப்படியா” என்றார். தலைகுனிந்து நின்ற அந்த அம்மாள் யாரென்று எனக்குத் தெரியவில்லை.

அத்தை கொடுமைக்காரர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். திட்டியதில்லை, குறை சொன்னதில்லை. தன்னைப்போலவே மருமகளும் இருப்பாள் என்று எடுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்த எதிர்பார்ப்புக்குள் மதினி ஓர் அளவெடுத்த ரவிக்கைக்குள் இருப்பதுபோல இருந்தார்.

அந்தத் தடவை அத்தை தங்கியது நீண்டுகொண்டே போனது. மதினிக்கோ ஓர் அவசரம் இருந்தது. அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள ஆசிரியை வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். தை மாதம் சேர வேண்டும், அதற்குமுன் பதில் சொல்ல வேண்டும். கல்யாணப் பேச்சின்போதே அத்தை, எங்கள் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகும் வழக்கமில்லை என்று சொல்லியிருந்தாராம். அண்ணன், பைய அம்மாவிடம் பேசிக்கிடுவோம் என்று ஒவ்வொரு நாளும் சொன்னார், ஒரு நாளும் பேசவில்லை. வாய்க்காலுக்குத் துணி அலசப் போன ஒரு காலையில் மதினி இதையெல்லாம் என்னிடம் சொன்னார். தண்ணீர் எங்கள் கணுக்கால்களைத் தள்ளிக்கொண்டு ஓடியது. சொல்லி முடித்து, பிழிந்த சேலையைக் கல்லில் வைத்துவிட்டு, தன் பழைய குரலில் கேட்டார்:

“ஒரு மாசமா கலையாம இருக்கேன்ட்டி. எனக்கு யாரு முத்து தருவா?”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அத்தை ஊருக்குப் புறப்பட இருந்த வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மலையைக் காணவில்லை. அருவிகளின் சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. ஆறு பாலத்தின் மேலேறியதும் பேருந்து நின்றுவிட்டது. எங்கேயோ மரம் சாய்ந்து கம்பி அறுந்ததில், ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற எங்கள் குடியிருப்பிலேயே மின்சாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, ஆண்கள் இருவரும் வீட்டில். ஒரு டம்ளர் தயிர் வாங்கப் போன நானும், என்னைத் தேடி வந்த என் வீட்டுக்காரரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். மத்தியானத்து வெளிச்சம் தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரிப் பச்சையாக இருந்தது. அந்த வெளிச்சத்தில், உள்ளே அரிசி எடுக்கப் போன அத்தை, அரிசி புடைக்கிற சுளவை ஏந்திக்கொண்டு நடந்துவந்தார். எங்கள் நடுவில் அதை வைத்தார். வெள்ளை அரிசியின்மேல் சிவப்பு முத்துகளும் நீலமும் பச்சையுமான பகடைகளும் கிடந்தன.

“இது எந்த ஊர்த் தாயக்கட்டை, இத்தனை மூலையோட?”

விளையாட்டுச் சாமான் என்று மதினி தரையிடம் சொன்னார். யார் விளையாடுவது என்று அத்தை கேட்டார். பதில் சொன்னது, உலகத்தில் யார் பேசினாலும் பேசமாட்டார் என்று நான் நம்பியிருந்த என் வீட்டுக்காரர்.

“நாங்கதான் அத்தை. நான் ஓடக்காரன்.”

அத்தை அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பாயில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மதினி மெலிந்த குரலிலேயே ஆற்றையும், ஊர்களையும், எங்கள் ஆட்களையும், முத்து எதற்கு என்பதையும் சொன்னார். அத்தை ஒரு முத்தை விரலால் உருட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சன்னல் பக்கம் பார்த்தார்.

“பஸ்ஸும் இல்ல, கரண்டும் இல்ல. என்னையும் சேத்துக்கிடுங்க.”

நீங்கள் யாராக இருக்கப் போகிறீர்கள் என்று மதினி கேட்டபோது, ராணி என்றோ அம்மன் என்றோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அத்தை கண்களை மூடிக்கொண்டார். சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. ஆற்றுக்கு அக்கரையில் பள்ளிக்கூடம் இருக்கிறது. அவள் போக வேண்டும்.

மதினி கதையைத் தொடங்கினார். முதலில் தயங்கித் தயங்கி. பிறகு எப்போது என்று தெரியாமல் அவருடைய சொந்தக் குரல் திரும்பிவிட்டது. ஆற்றங்கரை, விடியற்காலை, புகைபோல எழும்பும் நீராவி. அக்கரையில் மணி அடிப்பது தண்ணீர்மேல் மிதந்து வருகிறது. ஓடக்காரன் வழக்கம்போலக் கரையில் உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பிள்ளை வந்து நிற்கிறாள்.

“என்னைய அக்கரையில விட்டுருதியளா?” என்று அத்தை கேட்டார். அது அத்தையின் குரல் இல்லை. நடிப்புக் குரலும் இல்லை. அவர் முதுகு நிமிர்ந்திருந்தது, கால்விரல்கள் மடங்கிப் பாயைப் பற்றியிருந்தன.

என் வீட்டுக்காரர் ஓடக்காரனாகவே, தனக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று சொன்னார். பிள்ளை சரி என்று சொல்லிவிட்டுக் கரையில் உட்கார்ந்துகொண்டாள். மதினி வெயிலை ஏற்றினார், இறக்கினார். கதையில் மறுநாள் வந்தது. பிள்ளை மறுபடியும் வந்து கேட்டாள். மறுநாளும் கேட்டாள். எங்கள் கண்முன்னால் அத்தை அப்படியே உட்கார்ந்து அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சமையலறைச் சுவர்தான் இருந்தது.

அண்ணனால் தாங்க முடியவில்லை. விளையாட்டுதானே அம்மா, நீந்திப் போகிறேன் என்று சொல்லிவிடு என்றார். அத்தை மகனைப் பார்க்கவேயில்லை. சாமியாரைப் பார்த்தார்.

“எனக்கு நீச்சல் தெரியாதே, சாமி.”

சிரிப்பு மூட்டி இந்தக் கனத்தைக் கலைத்துவிடலாம் என்று அண்ணன் நினைத்திருக்க வேண்டும். சாமியாரின் குரலை எடுத்துக்கொண்டு, பொம்பளைப் பிள்ளைக்கு அக்கரையில் என்ன வேலை, வீட்டுக்குப் போய் இந்த ஏழைச் சாமிக்கு இரண்டு தோசை கொண்டுவா என்றார்.

“எங்கப்பாவும் அதத்தான் சொன்னாவ” என்றாள் அந்தப் பிள்ளை.

அண்ணன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அத்தை பிறந்த ஊர் ஆற்றின் வடகரை, அவர் ஐந்தாம் வகுப்புக்குமேல் படிக்கவில்லை, இவையெல்லாம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தவைதான். அவற்றுக்கு நடுவில் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தாள் என்பதுதான் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் எழுந்து எங்கள் வீட்டுக்குப் போனார். நனைந்தபடி திரும்பி வந்தார். சாமி படத்துக்குக் கீழே இருந்த தன் முத்துகளையெல்லாம் கொண்டுவந்திருந்தார். ஓடக்காரன் பயத்தை விட்டு எழுந்திருக்க முயல்கிறான் என்று சொல்லிப் பகடையை உருட்டினார். வேண்டிய எண் விழவில்லை. ஒரு முத்தைக் கிண்ணத்தில் போட்டு மறுபடி உருட்டினார். அதுவும் இல்லை. கடைசி முத்துவரை அப்படியே போயிற்று. ஒவ்வொரு தடவையும் மதினி உதட்டைக் கடித்துக்கொண்டு, பயம் போகவில்லை என்று சொன்னார். விதியை வளைக்கவில்லை. கிண்ணம் நிறைந்து, அவர் கை காலியான பிறகு, என் வீட்டுக்காரர் அத்தையைப் பார்த்துச் சொன்னார்:

“பயம் போகாட்டி இருந்துட்டுப் போவுது. பயத்தோடயே வாரேன். ஏறு, தாயி.”

கல்யாணமாகி அத்தனை நாளில் எனக்கு அவர்மேல் வந்தது என்னவென்று அந்த நொடிதான் எனக்குத் தெரிந்தது. அதைப் பிறகு எப்போதும் நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் கூச்சப்படுவார்.

மதினி அவர்களை அக்கரை சேர்த்தார். எப்படிச் சேர்த்தார் என்பது எனக்கு நினைவில்லை. நடு ஆற்றில் தண்ணீர் சத்தமில்லாமல் இருந்தது என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. கரை தட்டியதும் நிறுத்திவிட்டார். கிண்ணத்திலிருந்து ஒரு முத்தை எடுத்து அத்தையிடம் நீட்டினார்.

அத்தை அதை வாங்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தாலிக்கொடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு தன் பழைய குரலில், ஆனால் அவசரமில்லாமல் பேசினார். புகுந்த வீட்டில் நல்ல மருமகள் என்று பேர் வாங்கியதையும், மாமியார் தன் கையால் வைரத்தோடு போட்டுவிட்டதையும், ஊரே தன்னைக் கண்ணு என்று கொஞ்சியதையும் சொன்னார். அதெல்லாம் இந்த மாதிரி முத்துதான் என்றார்.

“இது இருந்தா இன்னொரு வாட்டி உருட்டலாம்னு சொன்னேல்லா. எனக்கு அது தெரியாம போச்சு. சேத்து சேத்து வச்சுக்கிட்டேன். உருட்டவே இல்ல.”

மதினி அழத் தொடங்கியிருந்தார். அத்தை அவர் கையை இழுத்து, உள்ளங்கையை விரித்து, முத்தை வைத்து மூடினார்.

“நான் வந்தா நீ வேற ஆளாயிருத. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? நீ சிரிக்கது தெருமுனை வரைக்கும் கேக்கும், நான் வந்து கதவத் தட்டுத வரைக்கும்.”

அம்பாசமுத்திரத்து வேலையைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. மழை விட்டு, பாலம் தெரிந்து, அத்தை பேருந்து ஏறும் காலையில்தான் மதினி கேட்டார். சொந்தக் குரலில், நேராகப் பார்த்து. அத்தை சந்தோஷமாகத் தலையாட்டிவிடவில்லை. முகம் இறுகத்தான் செய்தது. பழக்கம் ஒரே மத்தியானத்தில் போய்விடுமா? பேருந்துக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு சன்னல் வழியாக மகனைக் கூப்பிட்டு, அவள் காலையில் போவதானால் சமையலுக்கு ஓர் ஆளைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். மதினி தை மாதம் வேலையில் சேர்ந்தார்.

என் மகன் இப்போது வெளியூரில் தன் நண்பர்களோடு இதே மாதிரி விளையாட்டு ஆடுகிறான். எடுத்துக்கொண்ட ஆளாகவே இருப்பவருக்கு வெகுமதி தருவதற்கு அவர்கள் புத்தகத்தில் விதியே இருக்கிறதாம். கொடுத்தால் எல்லோரும் மிகையாக நடிக்கிறார்கள், கொடுக்காவிட்டால் வெறும் கணக்குப் போட்டு ஜெயிக்கப் பார்க்கிறார்கள் என்று அவர்களுக்குள் ஓயாத வழக்கு. என்னிடம் நியாயம் கேட்டான். மதினியின் வாக்கியத்தைச் சொன்னேன். நடித்தால் கிடையாது, இருந்தால் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசத்தை யார் கண்டுபிடிப்பது என்று கேட்டான். நல்ல கேள்விதான். அந்த மத்தியானத்தில் இருந்தவர்கள் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை என்று மட்டும் அவனுக்குச் சொல்ல முடிந்தது.

அந்த மழைக்குச் சில வருஷங்கள் கழித்து எங்களுக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றலாகிவிட்டது. மதினி அம்பாசமுத்திரத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு அந்தப் பள்ளியிலேயே நிலைத்துவிட்டார். அத்தையும் கடைசியில் அவரோடு வந்துசேர்ந்தார். வயதாகி, நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. மகனை யாரென்று கேட்டார். சாப்பிட்டதை மறந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் பதறிப்போய் எங்கேயோ புறப்படுவார், பிடித்து உட்கார வைப்பதே பெரும்பாடு என்று அண்ணன் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

நானும் என் வீட்டுக்காரரும் பார்க்கப் போயிருந்த அன்று மதினி பள்ளியிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை. அத்தை எங்களை அடையாளம் காணவில்லை. கட்டிலின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாயச் சாய அவருடைய விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கத் தொடங்கின. வாசல் கதவு திறந்த சத்தம் கேட்டது. மதினி உள்ளே வந்தார். நாள் முழுவதும் நின்று பாடம் நடத்திய களைப்பு முகத்தில் இருந்தது. எங்களைப் பார்த்து வாய்நிறையச் சிரிக்கப் போனார். அதற்குள் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“பிந்திட்டேன் டீச்சர்.”

மதினி எங்களை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“பிந்தலையே. இப்பந்தான் மணி அடிச்சிருக்கு. உள்ள வா.”

அத்தையின் விரல்கள் தலைப்பை விட்டன. மதினி பையைக்கூட இறக்கி வைக்காமல் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நேற்றைய பாடத்தில் ஆறு எங்கே பிறக்கிறது என்று பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

அத்தை வெகுநேரம் யோசித்தார். பிறகு கையை உயர்த்திக்கொண்டு, “மலையில டீச்சர்” என்றார்.